திரை நகராது

கேசட்டில் ஒட்டியிருந்த படம் அப்போதே உரிந்துவிட்டது.
பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்தது.
நாங்கள் வைத்த பெயர் மஞ்சச் சட்டை.
மற்ற கேசட்டுகளுக்கு அடிதடி நடக்கும்.
இது மட்டும் டப்பாவின் அடியில்
யாரும் கேட்காமல் கிடக்கும்.

வாளையார் செக்போஸ்ட். சாவடி வரை லாரி வரிசை:
சிமெண்ட், வெங்காயம், கூண்டுக்கோழி,
முன்னால் போகிறவனை மறைக்கிற வைக்கோல்.
அப்பா ஏஜென்ட். ஃபாரம் எழுதி சீல் வாங்கித் தருவார்.
பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில்
சிக்கந்தர் ராவுத்தர் துபாயிலிருந்து கொண்டுவந்த
பதினாறு பிட் பெட்டி.
அரை மணிக்கு ஐந்து ரூபாய்.

செங்கோடன், சங்ககிரி வண்டியின் கிளீனர்.
பதினேழு இருக்கும். எனக்குப் பதிமூன்று.
பெயரை அவன் கேட்டதே இல்லை.
"ஏஜென்ட் புள்ள, வாரியா?"

பெரிய ஆட்டமில்லை, சொல்லிவிடுகிறேன்.
எதிரிகள் மூன்றே வகை, சாயம் மட்டும் மாறும்.
இசை எட்டு சுரம் போய்த் திரும்பி வந்துவிடும்.
ஆனால் நாலாம் கட்டத்தில் காற்றடிக்கும்,
தாவினால் பின்னே தள்ளும்.
கணவாய்க் காற்றில் தார்ப்பாய் கட்டியவன்
முதல் தடவையிலேயே தாண்டினான்.
"நேரா எதுக்காத. சாஞ்சு தாவோணும்."
குண்டு அதிகமானால் பெட்டி திணறும்,
திரையில் எல்லாம் ஊரும்.
"லோடு ஓவரு, ஃபர்ஸ்ட் கியர்ல ஏறுது" என்பான்,
அந்த ஊர்தலுக்குள் சந்து பார்த்து நுழைவான்.

இரண்டு விதிகள்.
ஒருவர் பின்தங்கினால் திரை நகராது.
என் குண்டு அவன்மேலும் படும்.

ஏழாம் கட்டம் வரை
அங்கே யாரும் போனதில்லை.
போன அன்றைக்கு வெளியே ஹாரன். வரிசை நகர்ந்துவிட்டது.
டிரைவர் கெட்ட வார்த்தையில் கூப்பிட,
பேடைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினான்.
அவன் ஆள் திரையின் இடது ஓரத்தில்
மூச்சு வாங்குகிற மாதிரி தோளை ஏற்றி இறக்கி
நின்றுகொண்டேயிருந்தான்.
என்னால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை.

மூன்று குண்டு போதுமாயிருந்தது.

கடைசிவரை போய்ப் பார்த்தேன்.
கறுப்புத் திரையில் ஒரு வரி, அதுவும் ஜப்பானில்.
அடுத்த வாரம் கேட்டான்: "முடிச்சுட்டயா?"
"கரண்ட் போயிருச்சு."

இப்போது செக்போஸ்ட் இல்லை.
வரி வேறு மாதிரி ஆனபின் லாரிகள் இங்கே
வேகத்தடைக்கு மட்டும் குனிகின்றன.
அப்பாவின் ஆபீஸை விற்க வந்திருந்தேன்.
ராவுத்தர் மகன் நைனார் பரணிலிருந்து பெட்டியை இறக்கி,
ஏதோ ஒயரைச் சேர்த்து
ரீசார்ஜ் கடை டிவியில் மாட்டிக் கொடுத்தான்.
"ஆள் யாரு?" இரண்டாம் பேடை நீட்டினான்.
"யாருமில்லை, செருகி மட்டும் வை."

இரண்டு பேரையும் ஒவ்வொரு கையில் இழுத்துக்கொண்டு
ஏழாம் கட்டத்துக்கு வர மூன்று மணி நேரம் ஆனது.
நைனாருக்கு ரெண்டு டீ.
அதே இடத்தில் அவனை நிறுத்தினேன்.
ஏன் என்று தெரியாது.
தோள் ஏறி இறங்கியது.
கிட்டப் போய் உட்காரலாம் என்று கீழ் அம்புக்குறியோடு
விரல் தப்பி இன்னொரு பட்டனும் அழுந்த,

தூக்கிக்கொண்டான்.

என் ஆள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.
அப்படி ஒரு அசைவு இருந்திருக்கிறது,
யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள்,
தொங்குகிற கைகூட நடைக்கு ஏற்ப ஆடுகிறது.
திரை நகர்ந்தது.

தோளில் பாரத்தோடு சுட முடியாது.
தாவல் பாதி.
முதல் பள்ளத்திலேயே இருவரும் விழுந்தோம்.

தொடரவா என்று ஒன்பதிலிருந்து எண்ண ஆரம்பித்தது.
நைனார் கடையை அடைக்கணும் என்றான்.
"இரு, ஒரு நிமிஷம்.
சாஞ்சு தாவிப் பார்க்கிறேன்."